அந்த மீமைப் போட்டது நான்தான்

(மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணிப் பயிற்சிக் கூட்டத்தில் பேசியது. வர முடியாத தோழர்களுக்காக எழுத்து வடிவில்.)



காலையில இருந்து பூத் கமிட்டி, வாட்ஸ்அப் குழு, ட்ரெண்டிங்னு நிறையப் பேசிட்டோம். நான் என் தப்பு ஒன்றைச் சொல்லித் தொடங்குறேன்.

போன வருஷம் எதிர்த்தரப்புத் தலைவர் ஒருத்தர் மேடையில் பேச்சை மறந்து நின்னார். பத்தே நிமிஷத்துல 'ஆட்டிசம் கேஸ்'னு தலைப்பு வெச்சு ஒரு மீம் போட்டேன். பயங்கரமா ஓடுச்சு. சந்தோஷமாத் தூங்கினேன்.

மறுநாள் காலையில எங்க வார்டு அண்ணன் ஒருத்தர் போன் பண்ணார். கொடி கட்டுறதுல இருந்து வாக்குச்சாவடி முகவர் வேலை வரைக்கும் பார்க்கிறவர். திட்டல. "தம்பி, என் பையனுக்கு அதுதான். நீ போட்டதை வீட்டுல பாத்துட்டாங்க" என்றார். அவ்வளவுதான். மீமை உடனே நீக்கிட்டேன். பகிர்ந்தவங்க பக்கத்துல இருந்து நீக்க முடியுமா?

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். பையனுக்கு ஒன்பது வயசு. என்னைத் திரும்பிப் பார்க்கல. சுத்துற மின்விசிறியையே பார்த்துட்டு இருந்தான். அரை மணி நேரம் கழிச்சு என் சட்டைப்பையில இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி விளையாடினான். கிளம்பும்போது என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். "உங்களைப் பிடிச்சிருக்கு, தம்பி" என்றார் அண்ணி. அதுக்கப்புறம்தான் நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பிச்சேன்.

ஆட்டிசம் தொற்றுநோய் அல்ல. மூளை வளரும் விதத்தில் இருக்கும் வேறுபாடு. தாய் பாசம் காட்டாததால் வருகிறது என்பது எப்போதோ கைவிடப்பட்ட பழைய கருத்து. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் வந்த ஆய்வுக் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. இன்னமும் அதை ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

அண்ணிக்கு ஒன்றரை வயசுலயே சந்தேகம் வந்திருக்கு. பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பல, வேணும்ங்கிற பொருளை விரலால சுட்டிக் காட்டல. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்"னு சொந்தக்காரங்க சொன்னாங்க. பரிசோதனைக்குப் போனப்ப நாலு வயசு. நடுவுல போன அந்த ரெண்டரை வருஷம்தான் அவங்களுக்கு இன்னிக்கும் வலி.

ஆகவே இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வயதில் பெயருக்குத் திரும்பாதது, ஒன்றரை வயதில் சுட்டிக் காட்டாதது, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, பேசிய சொற்களை இழப்பது. இதில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. இருந்தாலே ஆட்டிசம் என்று அர்த்தமில்லை. பரிசோதிக்க வேண்டும் என்று அர்த்தம். முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஆட்டிசம் தெரியாது. குழந்தையைக் கவனித்து, பெற்றோரிடம் கேட்டுத்தான் முடிவுக்கு வருவார்கள்.

எங்கே போவது? அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. சென்னை அருகே முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சி, செயல்வழிப் பயிற்சி, பெற்றோருக்கான பயிற்சி ஆகியவைதான் வழி. 'முழுசாக் குணமாக்குறோம்'னு லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

அடுத்தது சான்றிதழ். நம்ம நாட்டில் 'ஐசா' என்ற அளவுகோல் பயன்படுகிறது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 வந்தால் 40 விழுக்காடு ஊனமாகக் கணக்கிடப்படும். அந்த 40தான் பல உரிமைகளுக்கு வாசல்.

1995 சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமே இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அது சேர்ந்தது. 18 வயது வரை இலவசக் கல்வி, அரசு வேலை இடஒதுக்கீட்டில் இடம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. 18 வயதுக்குப் பிறகு சட்டப்படியான காப்பாளரை, ஆட்சியர் தலைமையிலான குழு நியமிக்கும். 'எங்களுக்கு அப்புறம் யாரு?' என்று தூக்கம் இல்லாமல் கிடக்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள்.

அதே சட்டத்தின் 92ஆவது பிரிவையும் படியுங்கள். மாற்றுத்திறனாளியைப் பொதுவெளியில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை, தோழர்களே. எதிரியை அடிப்பதாக நினைத்து நாம் வீசிய கல், நம்ம கொடியைக் கட்டுகிற வீட்டிலேயே விழுந்தது.

மூன்று வேலை கேட்கிறேன்.

ஒன்று: ஆட்டிசம், ஊமை, பைத்தியம் போன்ற சொற்களை வசையாக வைத்து நம்ம பக்கத்திலிருந்து ஒரு பதிவும் போகக் கூடாது. யார் போட்டாலும் அட்மின் நீக்க வேண்டும்.

இரண்டு: வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாகப் போகிறோம். அப்படிப்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க உதவுங்கள். நமக்குப் பதினைந்து நிமிட வேலை. அவர்களுக்கு ஒருநாள் கூலி மிச்சம்.

மூன்று: முகாமுக்குக் கூடவே போங்கள். கூட்டத்தையும் சத்தத்தையும் அந்தக் குழந்தையால் தாங்க முடியாது. வரிசையில் நிற்க ஒரு ஆள் இருந்தால், அம்மா குழந்தையோடு வெளியே நிழலில் உட்காரலாம்.

அந்தப் பையனின் அட்டையைப் புதுப்பிக்க அடுத்த வாரம் நான் போறேன். ரெண்டு பேர் கூட வந்தா நல்லா இருக்கும். கமெண்டில் பெயரைப் போடுங்கள்.



#ஆட்டிசம்_வசைச்சொல்_அல்ல