வாசித்தவர் யார்?

எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டுக்கு முன் பத்து நிமிடம் இசை ஒலிக்கவிடுவது என் பொறுப்பு. சென்ற ஆண்டு, பென்டிரைவில் இருந்ததையெல்லாம் எழுதிப் பார்த்தேன். பாடியவர்களில் எம்.எஸ்., கே.பி.சுந்தராம்பாள் எல்லாரும் உண்டு. கருவி இசையிலோ ஒரு பெண்கூட இல்லை. இத்தனை ஆண்டும் நான் கவனிக்கவே இல்லை.

தேடினேன். நாகசுரத்தில் மதுரை பொன்னுத்தாய், காலீஷாபி மெஹபூப்; வயலினில் ஏ.கன்யாகுமரி. என்னைப் பிடித்து நிறுத்தியவர் சுகன்யா ராம்கோபால். விக்கு விநாயக்ராமிடம் கடம் கற்றவர். வெவ்வேறு சுருதிக் கடங்களை வரிசையாக வைத்து மெட்டையே வாசிக்கிறார்!

மறுநாளே அதைப் போட்டேன். ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் உறைத்தது: பாடுவது பெண் என்று காதுக்குத் தெரிந்துவிடும்; கடத்தில் தெரியாது. இப்போதெல்லாம் வாசிப்பவரின் பெயரை மாணவர் ஒருவர் முதலில் அறிவிக்கிறார். அறிவிப்புப் பலகையில் படமும் ஒட்டுகிறோம்.

பெயர் சொன்ன முதல் நாள், மேசையில் தாளம் தட்டி என்னிடம் திட்டு வாங்கும் ஏழாம் வகுப்பு மாணவி வந்து நின்றாள்.

“சார், அந்தப் பானை எங்க கிடைக்கும்?”

மானாமதுரை என்றேன். அங்கே கடம் செய்து சங்கீத நாடக அகாடமி விருது பெற்ற மீனாட்சி அம்மாளைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை.