பொறுப்பே முதல்



1922இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கிய நாள்முதல் தஞ்சோங் மாலிம் ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோட்டோன் தொழிற்சாலை வந்தபின் கார்களையும் செய்கிறது. படித்தவருக்கும் கைத்தொழில் தெரிந்தவருக்கும் வேலை தரும் ஊர் இது. ஆனாலும் இன்று பட்டம் பெறும் நீங்கள் மேடைகளில் அதிகம் கேட்பது, "வேலை தேடாதே, வேலை கொடு" என்ற அறிவுரையைத்தான். தொழில் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஊக்கம் ஒரு தொழிலைத் தொடங்கி வைக்குமே தவிர நடத்திச் செல்லாது. நன்கு தெரிந்த மனிதர்களின் ஒரு சிக்கலுக்குப் பொறுப்பேற்று, அதை ஆண்டுக்கணக்கில் கைவிடாமல் இருப்பவரின் தொழிலே நிலைக்கிறது. இதற்கான காரணங்களைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதல் சான்று நாம் நிற்கும் இந்தப் பேராக் மண்ணிலேயே இருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் வேதனையோடு சொல்வது இதைத்தான். தோட்டம் கைமாறியபோது பால்வெட்டுத் தொழிலாளியின் வேலையோடு லயத்து வீடும், பிள்ளைகளின் பள்ளியும், கும்பிட்ட கோயிலும் ஆட்டம் கண்டன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். விடியுமுன் பிரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, தோளில் பால்வாளி சுமந்தவர்களுக்குப் பத்து வெள்ளி பெரிய தொகை. அவர் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார், அவர்கள் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் முதலில் வாங்கியது. மேலும் பல தோட்டங்கள் பின்னர் சேர்ந்தன. சங்கம் இன்றும் இயங்குகிறது.

அவர் அப்போது அமைச்சர், மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவர், அதனால் முடிந்தது என்று நீங்கள் சொல்லலாம். பதவி தோட்டத்தின் வாசலைத் திறந்திருக்கும். ஆனால் மாதா மாதம் பத்து வெள்ளியைப் பதவியால் வாங்கிவிட முடியாது. அதைக் கொடுக்கவைத்தது நம்பிக்கை. சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லையே என்றும் கேட்கலாம். உண்மைதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக் காடு வீடமைப்புப் பகுதியானது, பல்லாயிரம் குடும்பங்கள் வெறுங்கையோடு நகரத்துக்கு வந்தன. நிலத்தை வாங்குவதோடு பொறுப்பு முடிவதில்லை, காலம் மாறும்போது தொழிலும் மாற வேண்டும் என்பதே அதன் பாடம்.

நம் காலத்துத் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் இதே அடிப்படையைப் பார்க்கலாம். 2012இல் கோலாலம்பூரில் மைடெக்சி என்ற பெயரில் தொடங்கிய டாக்சி அழைப்புச் செயலியே இன்றைய கிராப். இரவில் டாக்சி ஏறும் பெண் பத்திரமாக வீடு சேர வேண்டும் என்பது அதன் தொடக்கக் கவலைகளில் ஒன்று. செயலியை எழுதியதோடு வேலை முடியவில்லை. திறன்பேசியே பழகாத ஓட்டுநர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டியிருந்தது. 2010இல் சென்னையில் ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம், பல ஆண்டுகள் சோஹோ மென்பொருள் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். வாடிக்கையாளர் புகார்களை நிறுவனங்கள் ஒழுங்காகக் கவனிக்க உதவும் மென்பொருளைச் செய்து, 2021இல் தம் நிறுவனத்தை நாஸ்டாக் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனார். இடையில் உழைத்தது 11 ஆண்டுகள்.

"பிடிபிடிஎன் கல்விக் கடன் இருக்கிறது, வீட்டில் என் சம்பளத்தை எதிர்பார்க்கிறார்கள், தோற்றால் யார் தாங்குவது?" என்று நீங்கள் கேட்பது நியாயமானது. பெரும்பாலான புதுத் தொழில்கள் தோற்கின்றன என்பதை உங்களிடம் மறைப்பது துரோகம். அதனால்தான் சொல்கிறேன், வேலையை உதறிவிட்டுக் குதிக்க வேண்டாம். சம்பள வேலை தொழில்முனைவுக்குப் பகையில்லை. எந்தச் சிக்கல் எவரை எங்கே வாட்டுகிறது என்று உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு அது. முதல் இல்லை என்ற கவலைக்கும் விடை உண்டு. சிறுதொழில்களுக்குத் தெக்குன் போன்ற கடனுதவிகள் இருக்கின்றன. அதற்கும் முன்னதாக, பத்துப் பேர் சிறுதொகை சேர்த்து ஒன்றைச் செய்து பார்க்கும் வழி நம் மக்களுக்குப் புதிதில்லை.

எந்தச் சிக்கலைக் கையிலெடுப்பது என்ற கேள்வி அடுத்து வரும். செயற்கை நுண்ணறிவு வந்தபின் நிரல் எழுதுவது மலிவாகி வருகிறது. யாருக்காக, எதற்காக எழுதுவது என்ற தெளிவுக்குத்தான் இனி மதிப்பு. இந்த நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. முதலாம் ஆண்டு மாணவன் "ழ"கரத்தில் தடுமாறும்போது, அவன் வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டு, பிழைபட்ட இடத்தைக் காட்டி, ஆசிரியருக்கும் குறிப்பு அனுப்பும் ஒரு கருவியை எண்ணிப் பாருங்கள். அது நம் பிள்ளைகள் பேசும் மலேசியத் தமிழைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த வகுப்பறையை அறியாத ஒருவர் தொலைவிலிருந்து இதைச் சரியாகச் செய்துவிட முடியாது. உங்களில் பலர் அந்த வகுப்பறைகளில்தான் வேலைக்குச் சேரப் போகிறீர்கள்.

ஆகவே, பட்டதாரிகளே, முதலாண்டில் நிறுவனம் பதிய அவசரப்படாதீர்கள். உங்கள் பள்ளியில், தொழிற்சாலையில், குடியிருப்பில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுங்கள். அதனால் அவதிப்படுகிறவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். சிறிதாக ஒன்றைச் செய்து அவர்கள் கையில் கொடுங்கள்; அவர்கள் குறை சொன்னால் திருத்துங்கள். ஊக்கம் வற்றும் நாள்கள் கட்டாயம் வரும். அந்த நாள்களிலும் உங்களை நம்பியவர்களுக்குப் பதில் சொல்லுங்கள். அப்படிப் பதில் சொல்லக்கூடியவர் தொழில் தொடங்கலாம். அவருக்கு ஊரும் உறவும் துணை நிற்க வேண்டும் என்று இங்குள்ள பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.