டேங்க் யார் முதுகில்?



கொண்டைக்கடலைக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்ததும் சிலர் சிரித்தீர்கள். சொல்கிறேன்.

எங்கள் தருமபுரிப் பக்கம் ஐப்பசியில் விதைத்த கடலை பனியிலேயே வளரும். காய் பிடிக்கும் நேரத்தில் பச்சைக் காய்ப்புழு வரும். காயில் ஓட்டை போட்டு, தலையை உள்ளே விட்டுப் பருப்பைத் தின்னும். உடனே ஒரு குரல் கேட்கும்: "மருந்தடிக்க ஆள் வரச் சொல்லு."

அந்த 'ஆள்' எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று உங்களுக்குத் தெரியும். என் அப்பா அப்படிப் போனவர்தான். முதுகில் 16 லிட்டர் டேங்க். மூடி கசிந்து சட்டை நனையும். மூக்கில் ஒரு துண்டு, வெறுங்கால். இரவில் தலைவலி, வாந்தி. "வெயில் ஒத்துக்கலப்பா" என்பார். விஷத்துக்கு மருந்து என்று பேர் வைத்திருந்ததால், எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சட்டம் இருக்கிறது. தெளிப்பவருக்குப் பாதுகாப்பு உடையும் சுவாசக் கவசமும் வேண்டும் என்று 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் மிகக் கொடிய நஞ்சு. ஆனால் டப்பாவை வாங்குபவர் ஒருவர், டேங்கைச் சுமப்பவர் இன்னொருவர். எச்சரிக்கை வாங்கியவர் வீட்டுத் திண்ணையிலேயே நின்றுவிடுகிறது.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். கவசம் போடாதது அவர்கள் தவறு என்ற பேச்சு அப்போதும் எழுந்தது. கவசம் யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

இத்தனைக்கும், அடித்த மருந்தையே அடித்தால் இந்தப் புழு பழகிக்கொள்கிறது. இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சி வரத்தைக் கவனிக்கலாம். புழுவைத் தின்ன வரும் குருவிகள் உட்காரக் குச்சி நடலாம். 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கலாம். புழுவுக்கு மட்டும் நோய் தரும் என்.பி.வி. வைரஸ் கரைசலும் இருக்கிறது. இவற்றுக்குப் பிறகும் புழு மிஞ்சினால்தான் ரசாயனம். இதை நிலக்காரரின் செலவுக் கணக்காக மட்டுமே பேசுகிறோம். ஒரு முறை குறைவாக அடித்தால், கூலிக்காரர் ஒருவரின் உடம்பில் ஒரு நாள் விஷம் குறைகிறது. அதற்காக அன்றைய கூலியும் குறையக் கூடாது. பொறி வைக்கவும் கரைசல் தயாரிக்கவும் ஆள் வேண்டும், அதற்கும் கூலி வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது இரண்டு. கவசம் தராமல் மருந்தடிக்கச் சொல்வது குற்றமாக நடத்தப்பட வேண்டும். மருந்தடிப்பவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

அடுத்த முறை சுண்டல் சாப்பிடும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். டேங்க் யார் முதுகில் இருந்தது என்றும் கேளுங்கள்.