பெட்ரோல் காரை மாற்றலாமா?



பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் வாங்கலாமா என்று ஜமாஅத்தார் பலர் எங்களிடம் கேட்கிறார்கள். லிட்டர் 100 ரூபாய், 15 கிலோமீட்டர் ஓடும் என்றால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7 ரூபாய். வீட்டில் சார்ஜ் போட்டால் 2 ரூபாய்க்குள் முடியும். தினம் 60 கிலோமீட்டர் ஓடும் வியாபாரிக்கு மாதம் சுமார் 8,000 மிஞ்சும். ஜும்ஆவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வண்டி எடுப்பவருக்கு என்ன மிஞ்சப்போகிறது? சந்துக்குள் வீடு என்றால் சார்ஜ் போடவே இடமிருக்காது.

கூடுதல் விலைக்கு வங்கிக் கடன் இருக்கிறதே என்கிறார்கள். பெட்ரோலில் மிச்சம் பிடித்து வட்டியில் கொட்டுவதா? ஹராம் என்பது ஒருபுறமிருக்க, கணக்கும் உதைக்கிறது. முழுத்தொகை கையில் சேரும்வரை பழைய வண்டியே ஓடட்டும் என்பதே நாங்கள் சொல்வது. ஒன்று, அப்படிச் சேர்க்கும் பணம் நிஸாபை எட்டி ஓராண்டு கடந்தால் ஜகாத் உண்டு. சொந்த உபயோகக் காருக்கு இல்லை.