ஒன்பது பிள்ளைகள், மூன்று ஆண்டுகள், ஓர் ஆசிரியர்

வளைவுகளில் தலைசுற்றி மலையேறி வந்திருக்கும் விரிவுரையாளர்களுக்கும், கடைசி வரிசையில் குளிராடையோடு அமர்ந்திருக்கும் பயிற்சி ஆசிரியர்களுக்கும் வணக்கம். வகுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனி வணக்கம். ஒப்படைக்க ஆளில்லாமல் வர முடியாமல் போனவர்களும் இருக்கிறார்கள். என் உரை அவர்களைப் பற்றியது.

ஆசிரியர் கல்வியைப் பற்றிய கருத்தரங்கைத் தானா ராத்தாவில் நடத்துவானேன் என்று இரண்டொருவர் கேட்டார்கள். இந்த ஊர் இருக்கும் கேமரன் மலை நிர்வாகத்தில் பகாங்கைச் சேர்ந்தது. ஆனால் நெடுங்காலம் இந்த மலைக்கு வண்டி ஏறியது பேராக்கின் தாப்பாவிலிருந்துதான். மாநிலத் தலைநகர் குவாந்தானுக்குப் போவதைவிட ஈப்போவுக்குப் போய்வருவது எளிது. இரண்டு மாநிலங்களுக்கும் ஓரமாகிப்போன ஊர் இது. ஓரத்தில் நின்று பார்த்தால் நடுவில் இருப்பவர்களின் கண்ணில் படாத சில தெரியும் என்பதால்தான் உங்களை இங்கே இழுத்தோம். இலவசமாகத் தேநீர் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம்.

1929-இல் ஜே. ஏ. ரசல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைத்துத் தரவேண்டும் என்று சொல்லியிருந்தது. பள்ளி என்றால் என்ன, அதில் கற்பிப்பவர் யார் என்பதைப் பற்றி முதலாளிகள் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. ஆயாக்கொட்டகையின் ஒரு மூலை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கங்காணி அல்லது கிராணி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் அவரே வாத்தியார். எல்லா வயதுப் பிள்ளைகளும் அவர் முன்னால் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பாயை நாம் தாண்டி வந்துவிட்டதாக நம்புகிறோம். 2007 முதல் ஆசிரியர் கல்விக் கழகங்களில் இளங்கலைக் கல்வியியல் பட்டம் தருகிறோம். ஓராண்டு ஆயத்தப் படிப்பு, நான்காண்டுப் பட்டப்படிப்பு. உளவியல், கற்பித்தல் முறை, மதிப்பீடு, செயலாய்வு. கூடவே மூன்று கட்டப் பயிற்றுப்பணி. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகமும் தமிழாசிரியர்களை உருவாக்குகிறது. இவையெல்லாம் எளிதில் கிடைத்தவை அல்ல. குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நாட்டிலுள்ள 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. பிள்ளைகள் 30-ஐத் தாண்டாத பள்ளியில் இரண்டு மூன்று ஆண்டுகளை ஒரே அறையில் அமர்த்துகிறார்கள். 'கெலாஸ் பெர்சந்தும்', அதாவது கூட்டு வகுப்பு, என்று அதற்கு அரசாங்கப் பெயர் உண்டு. பெயர் புதிது, பாய் பழையது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், தார்ச்சாலை முடிந்து செம்மண் தொடங்கும் இடத்திலிருந்த ஒரு தோட்டப் பள்ளிக்குப் பயிற்றுப்பணியை மேற்பார்வையிடப் போனேன். பயிற்சி ஆசிரியை கிள்ளான் பக்கத்துப் பெண். நாள் பாடத்திட்டம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆண்டு 4, தமிழ்மொழி, அறுபது நிமிடம். ஐந்து நிமிடப் பீடிகை, பிறகு நான்கு குழுக்கள், குழுவுக்கு ஒரு நடவடிக்கை. பளபளக்கும் உறையிட்ட சொல்லட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்திருந்தார். வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். அவர்களில் நால்வர்தான் ஆண்டு 4. மூவர் ஆண்டு 5. இருவர் ஆண்டு 6. நான்கு பேரை நான்கு குழுவாகப் பிரித்தால் குழுவுக்கு ஒருவர். அந்தப் பெண் அப்படியே பிரித்தார். திட்டத்தில் அப்படித்தானே இருந்தது! நானும் கையில் படிவத்தோடு பின்னால் உட்கார்ந்திருந்தேனே.

பாதியில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அடித்த மழையில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. ஆசிரியை ஆண்டு 5 பக்கம் நகர்ந்த நேரத்தில், ஆண்டு 6 சிறுமி ஒருத்தி தன் புத்தகத்தை மூடிவிட்டு நாலாம் ஆண்டுப் பையன்கள் இருவருக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். அட்டையைக் காட்டி, வாயசைவைக் காட்டி, லகர ளகர வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். அந்தக் காலைப்பொழுதில் நடந்த ஆகச் சிறந்த கற்பித்தல் அதுதான். என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'குழு நடவடிக்கை திட்டப்படி நிறைவேறவில்லை' என்று எழுதிப் புள்ளியைக் குறைத்தேன். மாலையில் அந்தப் பெண் எழுதித் தந்த சிந்தனை மீட்சியில் ஒரே வரி: நேரம் போதவில்லை. அவர் சிறுமியைக் கவனிக்கவே இல்லை. கவனிக்க நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை இந்த மேடையிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் விரிவுரையாளராக இருந்த காலத்தில் கூட்டு வகுப்பு என்பது ஒரு தலைப்பாக வரும். ஒரு மணி நேரத்தில் போய்விடும். இடுபணி அதைத் தொடாது. மாணவருக்குத் தெரியும், புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் படிப்பு. நூறு முறை அறிவுரை சொல்வதைவிட ஓர் இடுபணியை மாற்றுவது பயன் தரும் என்பது என் அனுபவம்.

எப்படி மாற்றுவது? கருப்பொருள் ஒன்று, ஆண்டு மூன்று. கொழுந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தூள் கிடைக்கும். ஆண்டு 4 தராசு வாசிக்கும், ஆண்டு 5 விகிதம் போடும், ஆண்டு 6 விழுக்காடு கணக்கிடும். இதுவரை யாரும் எழுதிவிடலாம். கடினமான கேள்வி அடுத்தது: நீங்கள் ஆண்டு 5-இடம் நிற்கும் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் மற்ற இரண்டு ஆண்டும் என்ன செய்யும்? 'பயிற்சி செய்வர்' என்று எழுதித் தப்பிக்கக் கூடாது. என்ன பயிற்சி, தடுமாறினால் யாரைக் கேட்கும், முடித்தவன் அடுத்து எதை எடுப்பான், யார் திருத்துவது? இதற்கு விடை எழுதத் தெரிந்தவரைத்தான் நான் ஆசிரியர் என்பேன்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. இப்படியொரு மாதிரிப் பாடத்தைக் காட்டியபோது ஒரு தாய் என்னை மடக்கினார். "ஐயா, நாங்கதான் தேயிலையிலேயே கெடந்துட்டோம். புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துலயும் தேயிலையா?" பதில் சொல்ல முடியவில்லை. இன்றும் முழுப் பதில் என்னிடம் இல்லை. தோட்டத்தில் தொடங்கித் தோட்டத்துக்கு வெளியே போய் முடியாத பாடம் அந்தத் தாய்க்குச் செய்யும் அவமரியாதை என்பது மட்டும் புரிந்தது.

கூட்டு வகுப்புக் கற்பித்தலுக்கு முன்னோடிகள் தமிழிலேயே உண்டு. ஆந்திராவின் ரிஷிவேலியில், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கும் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டைமுறையைத் தமிழகம் செயல்வழிக் கற்றலாக மாற்றிக்கொண்டது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுவதும் பரவியது. பாடம் படிகளாக உடைந்து ஏணியாகச் சுவரில் தொங்கும். பிள்ளை தன் படியைத் தானே கண்டுபிடித்து அட்டையை எடுக்கும். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்த பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரலாம். பல இடங்களில் அட்டை எடுப்பதே சடங்காகிப்போனதும் உண்மை. என் கணிப்பில், ஆசிரியரை ஆயத்தப்படுத்துமுன் அட்டையை அனுப்பினால் அப்படித்தான் ஆகும். இலங்கையில், மலையகப் பள்ளிகளுக்கு ஆசிரியர் வேண்டும் என்று ஜெர்மானிய உதவியோடு தேயிலைக்கு நடுவிலேயே, பத்தனையில், ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியை எழுப்பினார்கள். நாம் கல்லூரியைத் தூக்கிவர வேண்டாம்; இடுபணியைத் தூக்கி வந்தால் போதும்.

எனவே முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பு இல்லை. பயிற்சி ஆசிரியர்கள் மூவர் எழுதிய மூன்றாண்டு வகுப்புப் பாடத்திட்டங்கள் உங்கள் மேசைகளில் இருக்கின்றன. சிவப்புப் பேனாவைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்களிடம் மட்டும் கொடுத்திருக்கிறோம், விரிவுரையாளர்களுக்குப் பென்சில். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் வேன்கள் கீழே போகத் தாமதமாகும், ஆகவே இப்போதே தொடங்குவோம். முதல் திட்டத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்புங்கள். 'மற்ற மாணவர்கள் பயிற்சி செய்வர்' என்று ஒரு வரி இருக்கிறது.