ஒரே தண்ணி, வேற வேற கிணறு
(எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்த தலைப்பு ‘இயற்கையிடம் சமத்துவம் கற்போம்’. இப்படியான தலைப்பில வழமையா என்ன கதைப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியும். சூரியன் எல்லாருக்கும் வெளிச்சம் தருது, மழை ஆள் பார்த்துப் பெய்யிறதில்லை, நாங்களும் அப்படி இருக்க வேணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதே இயற்கையைக் காட்டித்தான் மற்றப் பக்கமும் கதைச்சிருக்கு. ‘அஞ்சு விரலும் ஒண்டாவோ இருக்கு?’ எண்டு சாதிக்கு நியாயம் சொல்லுற பெரியாக்கள் எங்கட குடும்பங்களிலயும் இருக்கினம்.

விஞ்ஞானிகளும் விலக்கில்லை. பாறையிலயும் மரப்பட்டையிலயும் படர்ற லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்ற ஒரு அமைப்பு. 1860களின் கடைசியில இதைச் சரியாக் கண்டு சொன்னவர் சுவிஸ் தாவரவியலாளர் சைமன் சுவெண்டனர். ஆனால் அவர் பூஞ்சையை எஜமான் எண்டும் பாசியை அடிமை எண்டும் எழுதினார். ரெண்டு உயிர் இருந்தது உண்மை. எஜமானையும் அடிமையையும் அவர்தான் கொண்டுபோய் வைச்சார்.

ஆகவே, எப்படி வாழ வேணும் எண்டு இயற்கையிட்டக் கேட்டால், நாங்கள் கொண்டுபோன பதிலே திரும்பி வரலாம். வேற ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பம்: இயற்கையானது எண்டு சொல்லி நாங்கள் போட்ட வேலி, இயற்கையில உண்மையாவே இருக்கோ? நான் படிக்கிறது நிலத்தடி நீரியல். அதால ஒரு கிணத்தை வைச்சுச் சொல்லுறன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. குடிக்கவும் தோட்டம் செய்யவும் சனம் நம்பியிருக்கிறது நிலத்தடி நீரை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கி, கீழ இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேல ஒரு வில்லை மாதிரி மிதக்குது. கல்லில வெடிப்பும் பொந்தும் கனக்க. அதுக்குள்ளால தண்ணி வளவுக்கு வளவு ஓடும். நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால், கீழ உப்பு எல்லை ஏறத்தாழ 40 மீற்றர் ஏறும் எண்டது நீரியலின்ர அடிப்படைக் கணக்கு. ஒருத்தர் மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைச்சால், பக்கத்து வீட்டுக் கிணறும் உவராகலாம்.

இந்தத் தண்ணிக்கு மேல நிண்டுதான் எங்கட ஆக்கள் சாதி பார்த்தினம். ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் ‘பெரிய’ வீட்டுக் கிணத்தில அள்ளக் கூடாது. குடத்தோட வந்து, ஆரும் அள்ளி ஊத்துமட்டும் காத்து நிக்க வேணும். அவை தொட்டால் தண்ணி தீட்டாம். ரெண்டு வளவுக்கும் கீழ இருந்தது ஒரே தண்ணி. தீட்டு கிணத்துக் கட்டோட நிண்டது, கல்லுக்குள்ள இறங்கேல்லை.

தீண்டாமையைத் தண்டிக்கிற சட்டம் இலங்கையில 1957 இல் வந்தது. அது கிணத்தடிக்கு வந்து சேரேல்லை. 1966 ஒக்ரோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்தில இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போன சனத்தைப் பொலிஸ் தாக்கினது. அதுக்குப் பிறகும் போராட்டம் தேநீர்க்கடை, கோயில் எண்டு பரவினது. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலுக்கு வந்தது. மழையைப் பார்த்து மனம் திருந்தி ஆரும் கதவு திறக்கேல்லை. சனம் திரண்டதாலதான் கதவுகள் திறந்தது.

அதே சுன்னாகத்தில பிறகு மின்நிலையக் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில கலந்தது. 2019 இல் உச்ச நீதிமன்றம் ஒரு தனியார் மின் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. எண்ணெய் ஆற்ற கிணறு எண்டு பார்க்கேல்லை. ஆனால் கஷ்டம் சமனாப் பங்கிடப்படேல்லை. காசு உள்ளவை போத்தல் தண்ணி வாங்கலாம். இல்லாதவை பவுசருக்காகக் காத்து நிக்க வேணும். மேடு பள்ளத்தைச் செய்யிறது நாங்கள்தான். நாங்கள் செய்ததை நாங்களே மாத்தவும் முடியும்.

சரி, இங்க இருந்து நாங்கள் என்ன செய்யலாம்? எங்கட ஊர்ச் சங்கங்கள் ராப்போசன விருந்து வைச்சு, ஊரில கிணறு வெட்டவும் மோட்டர் வாங்கவும் காசு சேர்க்கினம். அது நல்ல விசயம். காசு குடுக்க முன்னம் மூண்டு கேள்வி கேளுங்கோ.

ஒண்டு: கிணறு ஆற்ற காணியில வருது? எல்லாரும் அள்ளலாம் எண்டு எழுத்தில இருக்கோ?

ரெண்டு: அதைப் பராமரிக்கிற குழுவில ஒடுக்கப்பட்ட சாதி ஆக்களும் பெண்களும் இருக்கினமோ?

மூண்டு: எவ்வளவு இறைக்கலாம் எண்டு ஆர் முடிவெடுக்கிறது?

‘இப்ப ஆர் தம்பி சாதி பார்க்கினம்?’ எண்டு பதில் வரும். கோபப்பட வேண்டாம். ‘அப்ப எழுதித் தாறதில என்ன கஷ்டம், அங்கிள்?’ எண்டு மரியாதையாக் கேளுங்கோ. வாற பதிலை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்கோ. அதை வைச்சு எந்தச் சங்கத்தோட என்ன கதைக்கிறது எண்டு சேர்ந்து முடிவெடுப்பம்.