அமெரிக்கக் கல்வி: பணமும் நீதியும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

     

நம் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1913-ஆம் ஆண்டு, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் வழங்கிய உதவித்தொகையைக் கொண்டு, நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர்களுள் ஒருவர் எட்வின் செலிக்மன்; பொது நிதித்துறையில் பேரறிஞர்; அந்நாட்டில் நிலவிய பொதுச் சொத்துவரி முறையின் குறைகளைக் கடுமையாக எடுத்துரைத்தவர். 1925-இல் வெளிவந்த அண்ணலின் மாகாண நிதி பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. வரிப்பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்பதும் சமூக நீதிக்கான கேள்வியே. அக்கேள்வியை இன்று அமெரிக்கக் கல்வியின்பால் செலுத்திப் பார்ப்போம்.

சொத்துவரியால் பிரிந்த பள்ளிகள்

நம் மாநிலத்தில் அரசுப் பள்ளி ஆசிரியரின் ஊதியம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பள்ளிச் செலவில் மத்திய அரசின் பங்கு பொதுவாகப் பத்தில் ஒன்றை ஒட்டியே நிற்கிறது. எஞ்சியதை மாநில அரசும் உள்ளூர் மாவட்டமும் ஏறக்குறையச் சரிபாதியாகச் சுமக்கின்றன. உள்ளூர்ப் பணத்தின் பெரும்பகுதி வீடு, நிலம் ஆகியவற்றின்மீது விதிக்கும் சொத்துவரி. மாளிகைகள் நிறைந்த ஊரில் சிறிய வரியும் பெருந்தொகையாகும். குடிசைகள் நிறைந்த ஊரில் பெரிய வரியும் சிறுதொகையாகவே முடியும்.

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரைச் சான்றாகக் கொள்வோம். அங்கே எட்ஜ்வுட் என்பது மெக்சிக்க வழியினரான ஏழை மக்கள் வாழும் பள்ளி மாவட்டம். ஆலமோ ஹைட்ஸ் என்பது செல்வர் வாழும் மாவட்டம். 1967-68 ஆம் ஆண்டில் எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வீதம் வரி செலுத்தினர். ஆலமோ ஹைட்ஸ் மக்கள் செலுத்தியதோ 0.85 டாலர் வீதமே. மாநிலத் திட்டத்திற்கு அளிக்க வேண்டிய பங்கு போக, ஒரு மாணவனுக்கு எட்ஜ்வுட்டில் மிஞ்சியது 26 டாலர். ஆலமோ ஹைட்ஸில் 333 டாலர். மாநில, மத்திய உதவிகளைச் சேர்த்த பின்னரும் அங்கே 356 டாலர், இங்கே 594 டாலர். அதிக வீதத்தில் வரி கொடுத்தவன் பிள்ளைக்குக் குறைந்த கல்வி! இதனை அநீதி என்னாமல் வேறு என்னவென்று சொல்வது?

1968-இல் எட்ஜ்வுட் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறிக் கிளர்ச்சி செய்தனர். அதே ஆண்டு, உலோகத்தகட்டுத் தொழிலாளியான தெமெத்ரியோ ரோட்ரிகஸ் மற்றப் பெற்றோருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். 1973-இல் உச்சநீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, கல்வி அந்நாட்டு அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமையன்று எனத் தீர்ப்பளித்தது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர்களுள் ஒருவர், அந்நீதிமன்றத்தின் முதல் கருப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல். எட்ஜ்வுட் மக்கள் சோர்ந்துவிடவில்லை. மாநில அரசியலமைப்பை ஆதாரமாகக் கொண்டு மீண்டும் வழக்காடினர். 1989-இல் டெக்சாஸ் உச்சநீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-இல் செல்வ மாவட்டங்கள் ஏழை மாவட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. வழக்குத் தொடங்கிய ஆண்டில் முதல் வகுப்பில் இருந்த குழந்தை, அதற்குள் முப்பது வயதைக் கடந்துவிட்டது!

தீர்ப்பும் தேர்வும்

இன அடிப்படையில் பள்ளிகளைப் பிரிப்பது சட்டத்துக்குப் புறம்பானது என 1954-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறியதை நாம் அறிவோம். ஆயினும் டெட்ராய்ட் போன்ற நகரங்களில் வெள்ளையர் பலர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். அப்புறநகர்களையும் சேர்த்துப் பள்ளிகளை ஒன்றிணைக்கும் திட்டத்தை 1974-இல் அதே நீதிமன்றம் தடுத்துவிட்டது. மாவட்ட எல்லைக்கோடே புதிய சுவராயிற்று.

பிறகு சீர்திருத்தம் தேர்வின் உருவில் வந்தது. 2002-இல் கையெழுத்தான சட்டம், 2014-க்குள் மாணவர் அனைவரும் தேர்ச்சித் தரத்தை எட்ட வேண்டும் என்றது. நோக்கம் உயர்ந்ததே. கருப்பினக் குழந்தைகளும் ஏழைக் குழந்தைகளும் எவ்வாறு கற்கின்றனர் என்பதைத் தனித்தனியே வெளியிட வைத்தது அதன் நற்பயன். ஆனால் மதிப்பெண் உயராத பள்ளிக்குத் தண்டனை என்ற அச்சம் கேட்டையும் விளைத்தது. அட்லாண்டா நகரில் ஆசிரியர்களே விடைத்தாள்களைத் திருத்தியமைத்த செய்தி 2011-இல் மாநில விசாரணையில் வெளிப்பட்டது. 44 பள்ளிகளில் 178 பேர் சம்பந்தப்பட்டிருந்தனர். அங்கே ஏமாற்றப்பட்டவர்கள் யார்? படிக்கத் தெரியாமலேயே தேர்ச்சி பெற்றதாகக் காட்டப்பட்ட ஏழைக் குழந்தைகள்தாம். 2015-இல் அச்சட்டத்திற்கு மாற்றுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அளவுகோல் மட்டும் பயிரை வளர்க்காது. நீரும் உரமும் வேண்டும்.

கல்லூரியும் கடனும்

கல்லூரிக் கல்வியில் அமெரிக்கா அரும்பெரும் செயல்களைச் செய்ததுண்டு. 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தால் போர்வீரர் இலட்சக்கணக்கானோர் அரசுச் செலவில் பட்டம் பெற்றனர்; ஆனால் தென்மாநிலங்களின் கருப்பின வீரர்களுக்கு அதன் பயன் முழுமையாகக் கிட்டவில்லை. 1972-இல் ஏழை மாணவர்க்கு மத்திய அரசின் நேரடி உதவித்தொகை ஏற்பட்டது. 1970-களின் நடுப்பகுதியில் அதன் உச்சத்தொகை, அரசுக் கல்லூரியில் படித்துத் தங்கும் செலவில் முக்கால் பங்குக்குமேல் ஈடுசெய்தது. இன்றோ அது மூன்றில் ஒரு பங்கையே ஒட்டி நிற்கிறது. இடைவெளியைக் கடன் நிரப்பிற்று. இன்று அந்நாட்டின் கல்விக்கடன் 1.6 இலட்சம் கோடி டாலருக்கு மேல். அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யக் குடியரசுத் தலைவர் பைடன் வகுத்த திட்டத்தை 2023-இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. உதவித்தொகை மாணவனை நிமிர்ந்து நடக்கச் செய்யும். கடன் அவனைக் குனிய வைக்கும்.

இருமுறை கொடுத்த மக்கள்

இளைஞர்களே! இனி நாம் சொல்வது நம் சங்கத்திற்கு நெருக்கமான செய்தி. மேரி மெக்லியோட் பெத்யூன் என்னும் கருப்பினப் பெண்மணி, 1904-இல் ஒன்றரை டாலர் கைமுதலோடு ஐந்து சிறுமியரைக் கொண்டு பள்ளி தொடங்கினார். அதுவே வளர்ந்து இன்று பல்கலைக்கழகமாகத் திகழ்கிறது. புக்கர் வாஷிங்டனின் தூண்டுதலால் ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற வணிகர் அளித்த உதவியோடு, 1932-க்குள் தென்மாநிலச் சிற்றூர்களில் கருப்பினக் குழந்தைகளுக்கென ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. வள்ளலின் நிதி ஏறக்குறைய 43 இலட்சம் டாலர். பருத்திக்காட்டுக் கூலிகளும் குத்தகை உழவர்களுமான அம்மக்கள் தாமே திரட்டியது ஏறக்குறைய 47 இலட்சம் டாலர்! வள்ளல் கொடுத்ததைவிட ஏழைகள் கொடுத்தது அதிகம்.

இது பெருமைக்குரிய வரலாறு. அதே வேளையில் வேதனைக்குரிய வரலாறும் ஆகும். அம்மக்கள் வரியும் கொடுத்தனர். அந்த வரியால் வெள்ளையர் பள்ளி செழித்தது. தம் பிள்ளைகளுக்காக மறுபடியும் மடியை அவிழ்த்தனர். ஆக, ஒரே கல்விக்கு இருமுறை விலை கொடுத்தனர்.

நம் சங்கமும் மாதச் சந்தாவாலும் உழைப்பாலும் இருபத்தைந்து ஆண்டுகள் வளர்ந்தது. அதனைக் கைவிடல் ஆகாது. ஆனால் அது அரசின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது. மாலை வகுப்பு நடத்துவோம்; அத்துடன் ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பது ஏன் என்று கிராம சபையில் எழுந்து கேட்போம். நன்கொடை திரட்டுவோம், அத்துடன் நம் மாணவர்க்குரிய உதவித்தொகை உரிய காலத்தில் வந்ததா என்று கணக்குப் பார்ப்போம். கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை நிரப்புவோம்.

எட்ஜ்வுட் மக்கள் இருபத்தொரு ஆண்டுகள் ஒரே கேள்வியைக் கேட்டனர். நாமும் கேட்போம், கற்றுக்கொண்டே கேட்போம். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நம் இளைஞர் ஏற்கவேண்டிய பணி இதுவே என்று கூறி அமைகிறோம்.

வாழ்க அண்ணல் புகழ்! வளர்க கல்விப் பணி!